மழையின் பழங்கணக்கு

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பேச்சின் பொருள் யாதென்று காரியதரிசி வினவியபோது "மழை" என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டு வந்துவிட்டோம். அவர் அறிவித்தற் பலகையில் "மழையும் மாந்தரும்" என்று அழகாக எழுதிவிட்டார். அதனைப் படித்து, வான்சிறப்பு அதிகாரத்தைப் பற்றிய இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்திருப்பவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். நாம் பேசப் புகுவது கல்லையும் மரத்தையும் சேற்றையும் பற்றி. அவற்றினிடத்தே எழுதப்பட்டுக் கிடக்கும் மழைக்கணக்கைப் பற்றி.

சென்ற வருடம் விடுமுறையில் வந்திருந்தபோது வாசிகசாலை வாசலில் ஒரு பெரியவர் எம்மைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீர் சர்வகலாசாலையிலை கல்லைப் பார்த்து மழை சொல்லப் படிக்கிறீராம். பஞ்சாங்கத்திலை போட்டிருக்கிற மரக்கால் கணக்கை நம்பாத பெடியள் நீங்கள், கல்லுச் சொல்லுற மழையை மட்டும் நம்புறியளோ?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், ஆனால் விடை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எம்மிடம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கல் சொல்வதை ஏன் நம்பவேண்டும்? எவ்வளவு தூரம் நம்பலாம்? அந்தப் பெரியவர் இன்று இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஒரு வருடம் தாமதித்தாயினும் விடை சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில், மனிதன் மழையை அளக்கத் தொடங்கி எவ்வளவு காலம் என்று பார்ப்போம். களஞ்சியத்தின் முன்னே மழையளக்கும் பாத்திரம் ஒன்று வைக்கப்படல் வேண்டுமென்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. விதி வந்ததேயன்றி, அளந்த கணக்கு ஒன்றும் எமது கைக்கு வந்து சேரவில்லை. இந்திய வளிமண்டலவியற் திணைக்களம் நிறுவப்பட்டது 1875 ஆம் ஆண்டில். சென்னையில் மாத்திரம் 1813 தொடக்கம் மழைக்கணக்கு உண்டு. மிஷன் பாடசாலையிற் படித்த நாட்களிற் காலைக் கூட்டத்திலே யோசேப்பின் கதையைக் கேட்டிருக்கிறோம்: செழிப்பான ஏழு வருடம், பஞ்சமான ஏழு வருடம். அக்காலத்தில் அது எகிப்தின் கதை, எமக்கும் அதற்கும் என்ன உறவு என்று எண்ணியதுண்டு. பின்னரே அறிந்தோம், நைல் நதியின் கோடைவெள்ளம் எதியோப்பிய மலைகளிற் பெய்யும் பருவமழையினால் வருவது என்பதை. கெய்ரோ நகரின் ரோடாத் தீவில் அந்த வெள்ளத்தின் உயரத்தை கி. பி. 622 முதல் குறித்து வந்திருக்கிறார்கள். பருவமழையைப் பற்றி மனிதன் கைப்பட எழுதிய கணக்குகளுள் இத்துணை நீண்டது வேறொன்றில்லை எனலாம். எனினும் அது ஆற்றின் கணக்கு. அதுவும் ஆபிரிக்காவின் கணக்கு.

ஆகவே ஆசியாவின் பெரும்பகுதிக்கு மழைமானியின் வயது நூற்றைம்பது வருடத்துக்குச் சற்று மேல். எமது அணைகளும் குளத்துக் கலிங்குகளும் பாலங்களும் இந்தச் சிறிய காலத்துள்ளே கண்ட மழையை நம்பியே திட்டமிடப்படுகின்றன. இந்தக் காலம் சாதாரணமான காலந்தானா? அல்லது அதிர்ஷ்டவசமாக நல்ல காலத்திலே பிறந்து, நல்ல காலத்தையே அளந்துவிட்டு, உலகம் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமா? இதை மழைமானி சொல்லமாட்டாது. இயற்கையே எழுதிவைத்த ஏட்டைத்தான் புரட்டவேண்டும்.

அவ்வேடுகளுட் சிறந்தது சுண்ணாம்புக் குகைகளிலே உண்டு. யாழ்ப்பாணத்தார்க்குச் சுண்ணாம்புக்கல்லை விளக்கவேண்டியதில்லை. நாம் அதன் மேலேயே குடியிருக்கிறோம். மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டு வாயுவைச் சேர்த்துக்கொண்டு சிறிது புளிப்புத்தன்மை அடைகின்றது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கின்றது. நிலாவரைக் கிணறு போன்ற பள்ளங்கள் உண்டானதும் இவ்வகைக் கரைதலினாலேதான். கரைந்த சுண்ணாம்போடு நீர் குகையின் கூரையிலிருந்து துளித்துளியாக விழும்போது வாயு வெளியேறிவிட, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகின்றது. கூரையிலிருந்து தொங்குவதும் உண்டு. தரையிலிருந்து முளைபோல மேலெழுவதும் உண்டு. தரையிலெழுவதைக் கல்முளை என்று சொல்லிக்கொள்வோம். அது பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே, சிலவேளை அதனினும் குறைவாகவே வளரும். ஒரு முழ உயரக் கல்முளைக்குள்ளே பல ஆயிரம் வருடம் அடங்கிக் கிடக்கலாம்.

இதில் இரண்டு கேள்விகள். எந்த அடுக்கு எந்த வருடத்தது? அந்த வருடம் மழை கூடியதா, குறைந்ததா?

முதற் கேள்விக்கு விடை தருவது யுரேனியம். பொசிநீரில் யுரேனியம் மிகச் சிறிய அளவிற் கரைந்து வரும். தோரியம் நீரிற் கரைவதில்லை. ஆகவே ஓர் அடுக்குப் படியும் நாளில் அதனுள் யுரேனியம் இருக்கும், தோரியம் இராது. அன்றிலிருந்து யுரேனியம் ஓர் ஒழுங்கான கதியிற் சிதைந்து தோரியமாக மாறிக்கொண்டிருக்கும். பழங்காலத்து நாழிகை வட்டிலில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து நேரஞ் சொன்னார்கள் அல்லவா? இங்கே எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்கிறார்கள். இம்முறையால் ஆறு இலட்சம் வருடம்வரை பின்னே செல்லமுடிகின்றது. பொசிநீரிற் சேறு கலந்து வந்திருப்பின் அதனோடு தோரியமும் வந்திருக்கும். அப்போது வட்டிலிலே முன்னரே நீர் இருந்ததற்கொப்பாகும், கணக்குப் பிழைக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது ஆய்வுகூடத்தாரின் பெரும்பாடு.

இரண்டாங் கேள்விக்கு விடை ஒட்சிசனில் உள்ளது. ஒட்சிசன் அணுக்கள் எல்லாம் ஒரே நிறையுடையனவல்ல. பெரும்பாலானவை 16 என்னும் நிறையுடையவை. ஏறத்தாழ ஐந்நூற்றுக்கு ஒன்று 18 என்னும் நிறையுடையது. இவற்றைச் சமதானிகள் என்று வேதியியலார் சொல்வர். கடலிலிருந்து எழுந்த நீராவி மேகமாகி மழையாய்ப் பொழியும்போது பாரமான மூலக்கூறுகளே முந்திக்கொண்டு இறங்குகின்றன. சுமையோடு நடப்பவன் முதலிலே திண்ணையில் அமர்ந்துவிடுவது போல. மழை நீடிக்க நீடிக்க, மேகத்தில் எஞ்சியிருப்பவை இலேசானவையே. எனவே வெப்ப நாடுகளிற் பெருமழை பெய்த காலத்து நீரில் பாரமான ஒட்சிசன் குறைந்திருக்கும். மழை குன்றிய காலத்து நீரில் அது மிகுந்திருக்கும். டென்மார்க் தேசத்து அறிஞர் டான்ஸ்கார்ட் 1964 இல் இதனை உலகின் பல இடத்து மழைநீரைக் கொண்டு எடுத்துக்காட்டினார். அந்த நீர் குகையிற் சொட்டிக் கல்லாகும்போது அதன் முத்திரையும் கல்லில் நின்றுவிடுகிறது. பல்வைத்தியர் கையாள்வது போன்ற நுண்ணிய துளைகருவியாற் கல்முளையை அடுக்கடுக்காகக் கீறித் தூளெடுத்து, ஒவ்வொரு தூளையும் அளக்கிறார்கள்.

இவ்வாறு படிக்கப்பட்ட குகைகளுள் ஒன்று எமது செவிக்கு மிகப் பழகிய பெயரை உடையது. இராமபிரான் வனவாசஞ் செய்ததாகக் கூறப்படும் தண்டகாரணியத்தை நினைவூட்டும் தண்டக் குகை அது. இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில், பஸ்தார் பகுதியின் காங்கேர் பள்ளத்தாக்கிலே உள்ளது. அங்கு எடுத்த கல்முளையொன்றை அசிஷ் சின்ஹா என்பவரும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்து 2007 இல் முடிவை வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ கி. பி. 600 முதல் 1500 வரையுள்ள தொள்ளாயிரம் வருடத்து மழை பதிந்திருந்தது. 14 ஆம் நூற்றாண்டிலும் 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தென்மேற்குப் பருவமழை பலமுறை தளர்ந்தது மாத்திரமன்று, தளர்ந்தபடியே தசாப்தக்கணக்காகக் கிடந்ததும் உண்டு என்று அது காட்டுகின்றது.

இங்கே சிறிது நின்று யோசிக்கவேண்டும். தக்கணத்தில் 1396 இல் தொடங்கிய துர்க்காதேவிப் பஞ்சம் என்ற ஒரு கொடும்பஞ்சத்தின் கதை உண்டு. பன்னிரண்டு வருடம் நீடித்தது என்பது வழக்கு. "பன்னிரண்டு வருடப் பஞ்சம்" என்பது எமது புராணக் கதைகளிலும் வரும் தொடர்தானே, ஒரு பேச்சுக்குச் சொன்னதாயிருக்கும் என்று நாமே எண்ணியிருந்தோம். மழைமானிக் காலத்தில் அத்தகைய ஒன்று நிகழவில்லை. 1876, 1877 ஆகிய இரண்டு வருடம் மழை பொய்த்ததற்கே தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோரிற் பலர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கப்பலேறினர். இரண்டு வருடத்துக்கே இக்கதி. கல்முளை காட்டுவதோ தசாப்தங்கள். கிழவர்களின் கதையை மிகையென்று தள்ளிய எமக்கு அந்தக் கல் ஒரு குட்டு வைத்தது என்றே சொல்லவேண்டும்.

இனி, கல்லின் சொல்லை அப்படியே விழுங்கிவிடலாமா? கூடாது. இதற்கு நல்ல உதாரணம் மேகாலயத்திலுள்ள மவ்ம்லூக் குகை. அது சிரபுஞ்சிக்கு அருகே உள்ளது. அந்தச் சிரபுஞ்சியில் 1860 ஓகஸ்ட் முதல் 1861 யூலை வரையான பன்னிரண்டு மாதத்தில் 26,461 மில்லிமீற்றர் மழை பெய்தது. யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் பெய்யும் மழை அங்கே ஒரு வருடத்திற் பெய்தது என்று கொள்ளுங்கள். மவ்ம்லூக் குகைக் கல்முளையொன்றில் இற்றைக்கு ஏறத்தாழ 4,200 வருடங்களுக்கு முன்னர் மழை தளர்ந்த அடையாளம் தெளிவாகக் காணப்பட்டது. அதனை அடையாளக் கல்லாக வைத்து, அன்றிலிருந்து இன்றுவரையுள்ள காலத்துக்கு "மேகாலய காலம்" என்ற பெயரைப் புவிச்சரிதவியலார் 2018 இல் உறுதிப்படுத்தினார்கள். நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருப்பது மேகாலய காலத்தில்! சிந்துவெளி நகரங்கள் கைவிடப்பட்டதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆதலால், "சிந்துவெளியை வரட்சி அழித்தது" என்று பத்திரிகைகள் முழங்கின.

ஆனால் 2023 இல் இமயமலைச் சாரலில், உத்தரகாண்ட் மாநிலத்துத் தர்மஜாலிக் குகையிலிருந்து வேறொரு கல்முளையின் கணக்கு வெளிவந்தது. இது மிக நுட்பமாக அளக்கப்பட்டது. இற்றைக்கு 4,200 வருடத்துக்கும் 3,970 வருடத்துக்கும் இடையே ஒரே தொடரான வரட்சி அன்று, மூன்று தனித்தனி வரட்சிகள் வந்தன. ஒவ்வொன்றும் 25 முதல் 90 வருடம்வரை நீடித்தது. கோடைமழையும் மாரிகால மழையும் இரண்டுமே குன்றின என்று அது கூறுகின்றது. இடையிடையே மழை திரும்பியிருக்கிறது. மக்களும் ஒரு நாளில் மாயவில்லை. பெருநகரை விட்டுச் சிற்றூர்களாகப் பிரிந்து கிழக்கே நகர்ந்திருக்கிறார்கள். மழை கெட்டது உண்மை. அது எப்படிக் கெட்டது, மனிதர் அதற்கு என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு கல் போதாது. சீனத்துக் குகைகளைப் பற்றியும் இவ்வாறான வாதம் நடக்கிறது. அங்குள்ள கல்முளைகளைத் தொடுத்து 6,40,000 வருடத்துக் கணக்கை 2016 இல் வெளியிட்டார்கள். அது அவ்விடத்தில் எவ்வளவு மழை பெய்தது என்பதைச் சொல்கிறதா, வரும் வழியில் இந்து சமுத்திரப் பக்கத்திலே மேகம் எவ்வளவு கொட்டிவிட்டு வந்தது என்பதைச் சொல்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். எமது எண்ணம், பின்னதற்கும் பெரும்பங்கு உண்டென்பதே; ஆனால் எமது எண்ணத்துக்கு அங்கே ஒருவரும் காத்திருக்கவில்லை.

மரத்தின் கணக்கு இதனினும் எளிது, வருடமும் தப்பாது. மழைக்காலமும் வரண்ட காலமும் மாறிமாறி வரும் இடத்தில் சில மரங்கள் வருடத்துக்கொரு வளையம் இடும். நல்ல மழையில் அகன்ற வளையம். வரட்சியில் ஒடுங்கிய வளையம். கேரளத்துத் தேக்கு இவ்வகையானது. மரத்தைத் தறிக்கவேண்டியதில்லை, பென்சில் அளவான ஒரு கோலைத் துளைத்தெடுத்தாற் போதும். மழைமானி உள்ள காலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொண்டு வளையத்துக்கும் மழைக்குமுள்ள தொடர்பைக் கணித்து, மற்றப் பாதியைத் திறவாமல் வைத்திருக்கிறார்கள். பிறகு வளையத்தைக் கொண்டு அந்த மற்றப் பாதி மழையைச் சொல்லிப் பார்த்து, மழைமானியோடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துவராவிட்டால் அந்த மரத்தைத் தள்ளிவிடுவார்கள். பெரியவரே, கல்லையும் மரத்தையும் ஏன் நம்புகிறோம் என்று கேட்டீர்களே. அவற்றைப் பரீட்சையில் இருத்தித் தோற்றால் வெளியேற்றலாம் என்பதனாலேதான். பஞ்சாங்கத்து மரக்காலையும் அந்தப் பரீட்சையில் இருத்த எமக்கு ஆசைதான். பத்து வருடத்துப் பஞ்சாங்கமும் அந்தப் பத்து வருடத்து மழைமானிக் கணக்கும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதிற் செய்துவிடலாம்.

வியற்நாமின் தென்பகுதி மலைகளில் நிற்கும் பழமையான சைப்பிரசு இன மரங்களின் வளையங்களை பிரெண்டன் பக்லி என்பாரும் பிறரும் படித்து 2010 இல் ஏழரை நூற்றாண்டுக் கணக்கொன்றை வெளியிட்டனர். இதில் எமக்குப் பெரிதும் உவப்பான, அதேவேளை மனத்தை வருத்துகின்ற செய்தி அங்கோர் நகரைப் பற்றியது. இரண்டாம் சூரியவர்மன் 12 ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்கு எடுத்த கோயில் அங்கோர் வாட் என்பதைப் பலரும் அறிவீர்கள். கோயிலைக் காட்டிலும் வியப்பானது அந்நகரத்தின் நீர்த்திட்டம். மேற்கு பாராய் என்னும் குளம் ஒன்றே எட்டுக் கிலோமீற்றர் நீளமும் இரண்டு கிலோமீற்றர் அகலமும் உடையது. குளங்கட்டி வாழ்ந்த பரம்பரையில் வந்த எமக்கு அந்த அளவின் பொருள் நன்கு விளங்கும். அத்தகைய நகரம் 15 ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டது. 1431 இல் அயுத்தியா நாட்டுப் படை வந்தது என்று சரித்திரப் புத்தகத்தில் மனனஞ் செய்திருக்கிறோம். மரங்கள் சொல்வது: 14 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல தசாப்தம் நீடித்த வரட்சி, பின்னர் 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகியதும் கடுமையானதுமான மற்றொரு வரட்சி, இவற்றுக்கு நடுவே அளவு கடந்த பெருமழை. வரட்சியினால் நலிந்த கால்வாய்களைப் பெருவெள்ளம் அரித்து மணலும் பரலும் இட்டு நிரப்பியதை அகழ்வாய்விலே கண்டிருக்கிறார்கள். தண்டக் குகைக் கல்லும் வியற்நாமிய மரமும் ஒன்றையொன்று அறியா. இரண்டும் அதே நூற்றாண்டைச் சுட்டுகின்றன. எட்வர்ட் குக் என்பவர் தலைமையில் முந்நூறுக்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைக் கொண்டு ஆசியாவின் ஏழு நூற்றாண்டு வரட்சிப் படத்தொகுதியையும் அதே 2010 இல் வெளியிட்டார்கள். 1876 இன் பெரும்பஞ்சத்தை அதிலும் காணலாம்.

மிக நீண்ட காலக்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது இன்று யனவரித் தொடக்கத்தில். பதினோராயிரம் வருடத்துக்கு முன்னர் அது வடகோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. அதனால் ஆசிய நிலம் கோடையில் இன்றிலும் அதிகம் சூடேறி, பருவக்காற்றை வலுவாக இழுத்தது. சகாராப் பாலைவனம் அக்காலத்தில் புல்வெளி. ஏறத்தாழ இருபத்துமூவாயிரம் வருடத்துக்கொருமுறை திரும்பும் இந்தத் தாளத்தைப் பருவமழையோடு பொருத்தி ஜோன் குட்ஸ்பாக் 1981 இல் கணித்துக் காட்டினார்.

எமது இலங்கையில் என்ன உண்டு? ஹோட்டன் சமவெளியின் சதுப்பு நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த சேற்றிலுள்ள மகரந்தத்தை பிரேமதிலக்க, ரிஸ்பேர்க் என்னும் இருவர் ஆராய்ந்து 2003 இல் எழுதினார்கள். இருபத்துநாலாயிரம் வருடத்துக் கணக்கு அது. பனியுகத்தின் உச்சத்தில், இன்று மூடுபனியும் ஈரமும் நிறைந்த அந்த உச்சிநிலம் வரண்டு கிடந்தது என்று மகரந்தம் சொல்கின்றது.

இதைக் கேட்டவுடன் எமது தோட்டக்கார அன்பர் ஒருவர், "அப்ப எங்கடை கிணறு?" என்று கேட்பார். இங்கேதான் நாம் கவனமாயிருக்க வேண்டும். சிரபுஞ்சிக் குகையும் தண்டக் குகையும் பேசுவது சோழகக் காற்றுக் கொண்டுவரும் மழையைப் பற்றி. யாழ்ப்பாணத்துக்குச் சோழகம் புழுதியைத்தான் கொண்டுவரும். எமக்குப் பெய்வது ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காலத்து மாரிமழை. அந்த மழைக்கு இயற்கை எழுதிய கணக்குகள் படிக்கப்பட்டவை மிகச் சில. தண்டகாரணியம் வரண்ட வருடத்தில் எங்கள் ஊரும் வரண்டது என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. வரளவில்லை என்று சொல்லவும் உரிமையில்லை. ஆறில்லாத ஊரில், மாரியில் இறங்கிய நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்க, அதை இறைத்தே நாம் சீவிக்கிறோம். எங்கள் வீட்டுக் கிணற்று நீர் பங்குனிக்குப் பிறகு கரிப்பதை அம்மா தேநீர்ச் சுவையிலேயே கண்டுபிடித்துவிடுவார். இரண்டு மாரி தொடர்ந்து பொய்த்தால் என்ன ஆகும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். தக்கணத்திற் போலப் பன்னிரண்டு பொய்த்தால்? அப்படி ஒன்று இங்கே எப்போதாவது நடந்ததா? எமது படிப்பை இந்தக் கேள்விக்கே கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். வேலை கிடைக்கக்கூடிய படிப்பைப் படி என்று வீட்டிலே சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இதற்குச் சபையிலுள்ள பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லும் மரமும் கணக்கைச் சொன்னாலும், ஊரார் எழுதிவைத்த குறிப்புகளோடு ஒட்டிப் பார்த்தாலே அது உறுதிப்படும். துர்க்காதேவிப் பஞ்சத்தின் கதையை யாரோ நினைவில் வைத்திருந்தபடியாலேதான் தண்டக் குகைக் கல்லுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் பாட்டனார் எழுதிய விதைப்புக் கணக்கு, கோயில் நெல்வரவு ஏடு, கிணறு வெட்டிய செலவுக் குறிப்பு, குளம் உடைத்த வருடம் எழுதிய பழைய பஞ்சாங்கத்து ஓரம், எதுவாயினும் இருந்தால் வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள். இடப்பெயர்வுகளில் எவ்வளவோ போய்விட்டது. எஞ்சியது எவ்வளவு சிறிதாயினும் போதும். ஞாயிற்றுக்கிழமைகளிற் காலை ஒன்பது மணி முதல் நாமும் சங்கத்து நண்பர் இருவரும் இங்கே இருப்போம். ஏட்டை எம்மிடம் விட்டுச்செல்ல வேண்டியதில்லை. உங்கள் கண்முன்னே கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.